மாதுமையின் கடவுச்சீட்டு

மாதுமை துபாயில் பிறந்தபோது அவளுடைய அப்பா வாசுவுக்கு முப்பத்தேழு வயது. கல்யாணமாகி ஆறு வருடம் காத்திருந்து கிடைத்த பிள்ளை. பெயரை வைத்தவர் வாசுவின் மனைவி விஜியின் தகப்பனார் நாகலிங்கம். திருகோணமலையில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். எஞ்சின் இரைச்சலுக்கு மேலாகப் பேசிப் பழகிய குரலில், கோணேசர் கோயில் அம்மனின் பெயர்தான் வேண்டும் என்று தொலைபேசியில் சொன்னார். வாசு மறுக்கவில்லை.

"பேரை மாமா வைக்கட்டும். பாஸ்போட்டை நான் எடுத்துக் குடுக்கிறன்" என்று சிரித்தான்.

அவனிடம் இருந்தது பிரிட்டிஷ் கடவுச்சீட்டு. அவனுடைய அப்பா இராசநாயகம் அறுபதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்குப் போய், ரயில்வே அலுவலகத்தில் வேலை செய்து, அந்த நாட்டுக் குடிமகனானவர். பிறகு குவைத்தில் எண்ணெய்க் கம்பனியொன்றில் கணக்காளராகச் சேர்ந்தார். வாசு பிறந்தது குவைத்தில். வளர்ந்தது அங்கேயே ஃபர்வானியாவில் ஓர் அடுக்குமாடி வீட்டில். பிறந்த நாளிலிருந்தே அவன் பிரிட்டிஷ்காரன். லண்டனை விடுமுறைகளில்தான் பார்த்திருக்கிறான். படிப்பதற்கு இங்கிலாந்தின் லெஸ்டரில் இடம் கிடைத்தது, ஆனால் அம்மா சுகமில்லாமல் சென்னையில் சிகிச்சைக்காக இருந்ததால் அங்கேயே பொறியியல் படித்தான்.

அவன் வேலை செய்த துபாய்க் கம்பனியில் ஒரே வேலைக்கு ஒரே மேசையில் இருந்த இருவருக்குக் கடவுச்சீட்டைப் பார்த்துச் சம்பளம் போட்டார்கள். வாசு அதனால் நன்மையடைந்த பக்கத்தில் இருந்தான். ஆனால் அவன் அந்தச் சிவப்புப் புத்தகத்தை இறுகப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் சம்பளம் இல்லை. அவனுடைய சித்தப்பா மகன் குலேந்திரன் அவனோடொத்த வயது. குலேந்திரனிடம் இருந்தது இலங்கைக் கடவுச்சீட்டு. கொழும்பு விமான நிலையத்தில் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பிறந்த இடத்தைக் கேட்டுவிட்டு, விசாரணைக்கென்று கூட்டிப்போனார்கள். இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தவனுக்கு ஒரு காது கேட்கவில்லை. யாராவது கதவைத் தட்டினால் எழுந்து அறைக்குள் போய்விடுவான். அவனைப் பார்த்துவிட்டு வந்த அன்றுதான் வாசு தன் பிள்ளைகளைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தான். அப்போது அவனுக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை.

பிள்ளைக்கு நாற்பது நாள் கழிந்ததும் பர் துபாயில் இருந்த பிரிட்டிஷ் தூதரகத்துக்குப் போனான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த நடுத்தர வயதுப் பெண் கடதாசிகளைப் பொறுமையாகப் பார்த்தார்.

"நீங்கள் பிறந்தது குவைத்தில். உங்கள் மகள் பிறந்தது இங்கே. சரியா?"

"சரி. என் அப்பா பிரிட்டிஷ். நான் பிரிட்டிஷ். அவளும்..."

"உங்கள் அப்பா எங்கள் நாட்டில் வாழ்ந்து குடியுரிமை பெற்றவர். அதனால் வெளிநாட்டில் பிறந்த உங்களுக்கு அது தானாகவே வந்தது. ஆனால் நீங்கள் அப்பாவின் வழியாகப் பெற்றவர். அப்படிப் பெற்றவருக்கு வெளியே பிறக்கும் பிள்ளைக்கு அது தானாகப் போகாது."

வாசுவுக்கு முதலில் விளங்கவில்லை. திரும்பவும் கேட்டான். அவர் திரும்பவும் சொன்னார்.

"ஒரு தலைமுறையோடு நின்றுவிடும் சார். நீங்கள் எப்போதாவது மூன்று வருடம் தொடர்ந்து பிரிட்டனில் வாழ்ந்திருக்கிறீர்களா? அப்படியென்றால் பிள்ளைக்கு ஒரு வயதாவதற்குள் பதிவுசெய்ய விண்ணப்பிக்கலாம்."

"இல்லை."

"மன்னிக்க வேண்டும். பிள்ளையின் அம்மா எந்த நாடு?"

அவன் கடதாசிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். கராமாவில் இருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவன் முகத்தைப் பார்த்தே விஜி விஷயத்தை அறிந்துகொண்டாள்.

"சரி, அதுக்கென்ன? எங்கட இலங்கைக் கொன்சுலேற்றில பதிவம். இப்ப தாய் வழியிலயும் குடுக்கினமாம். நான் விசாரிச்சனான்."

"வேண்டாம்."

"ஏனப்பா? எனக்கும் அதுதானே. நான் என்ன குறைஞ்சா போனன்?"

"உன்னைச் சொல்லேல்லை விஜி. குலேந்திரனை யோசிச்சுப் பார். அங்க இப்பவும் சண்டை நடக்குது. எங்கட பிள்ளை வளர்ந்து ஒவ்வொரு செக் பொயின்ற்றிலயும் நிண்டு பதில் சொல்ல வேணுமே? கொஞ்சம் பொறு. லண்டனில ஒரு லோயரிட்டக் கேட்டிருக்கிறன்."

விஜி பொறுத்தாள். வழக்கறிஞரிடமிருந்து வந்த பதிலும் தூதரகப் பெண் சொன்னதுதான். வாசு இன்னொருவரிடம் கேட்டான். பிறகு லண்டனில் வேலை தேடத் தொடங்கினான். குடும்பத்தோடு அங்கே போய் மூன்று வருடம் வாழ்ந்தால் பிள்ளையைப் பதியலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அங்கே அந்த வருடம் ஆட்களை வேலையிலிருந்து நிறுத்திக்கொண்டிருந்தார்கள். விஜி ஒவ்வொரு வாரமும் கேட்டாள். அவன் ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் என்றான். பிள்ளைக்கு எந்த நாட்டுக் கடவுச்சீட்டும் இல்லாததால் துபாயில் தங்கும் விசாவும் அடிக்க முடியவில்லை.

நாகலிங்கம் வெள்ளிக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பார்.

"எப்ப, பிள்ளை, பேத்தியைக் கூட்டிக்கொண்டு வாறாய்? நான் தொட்டில் கட்ட உத்தரத்துக்குக் கொழுக்கி எல்லாம் அடிச்சு வைச்சிட்டன்."

"வாறம் அப்பா. கடதாசி வேலை கொஞ்சம் கிடக்கு."

"நாலு மணித்தியாலப் பயணத்துக்கு என்ன கடதாசி?"

விஜி ரிசீவரை மாதுமையின் காதில் வைப்பாள். தாத்தாவின் பெருங்குரல் கேட்டதும் பிள்ளை கண்ணை அகல விரித்துக் காலை உதைக்கும்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு காலை, விஜியின் அக்கா கனகா திருகோணமலையிலிருந்து அழைத்தாள். அப்பா குளிக்கப் போன இடத்தில் விழுந்துவிட்டார். ஒரு பக்கம் இழுத்துவிட்டது. பேச்சு இல்லை. டொக்டர் நம்பிக்கை தரவில்லை.

"கண் முழிக்கிறார் விஜி. வாசல் பக்கம்தான் பார்க்கிறார். கெதியா வா."

வாசு அன்று வேலைக்குப் போகவில்லை. விஜி எடுத்துக் கொடுத்த கடதாசிகளை வாங்கிக்கொண்டு இலங்கைத் துணைத் தூதரகத்துக்கு ஓடினான். அங்கிருந்த அலுவலர் நல்ல மனிதர். பதிவைத் தொடங்கிவிட்டார். ஆனால் அது கொழும்புக்குப் போய் வர வாரக்கணக்காகும் என்றார். தற்காலிகப் பயணப் பத்திரம் கேட்டான். அது கிடைத்தாலும், இத்தனை நாள் விசா இல்லாமல் இருந்த பிள்ளை வெளியேற இங்கத்தைய குடிவரவு அலுவலகம் அனுமதி தர வேண்டும், அதற்கும் நாளாகும்.

"பிறந்தவுடனே வந்திருந்தால், இந்நேரம் பிள்ளைக்குப் பாஸ்போட் கையில இருந்திருக்குமே தம்பி" என்றார். குறையாகச் சொல்லவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார்.

வீட்டுக்கு வந்து வாசு சொன்னான்: "நீ மட்டும் போ. நான் பிள்ளையைப் பாக்கிறன். லீவு எடுத்திட்டன்."

மாதுமைக்கு அப்போது ஐந்து மாதம். தாய்ப்பாலைத் தவிர எதையும் வாயில் வைக்காத பிள்ளை. பக்கத்து வீட்டு ஷம்சியா, கீழக்கரைக்காரி, மூன்று பிள்ளை வளர்த்தவள், போத்தலும் பால்மாவுமாக வந்து உட்கார்ந்தாள். ஒரு பகல் முழுக்க முயன்றாள். பிள்ளை முகத்தைத் திருப்பித் திருப்பி, அழுது களைத்துப் பசியோடு தூங்கியது.

"நீ போயிட்டு வாம்மா, பாவம் வாப்பாவப் பாக்கணும்ல. ரெண்டு நாள் அழும், பொறவு குடிச்சிக்கிரும்" என்றாள் ஷம்சியா. சொல்லும்போது அவள் விஜியின் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் மாலை விமானத்துக்கு டிக்கெட் போட்டார்கள். விமான நிலையத்தில் விஜி கடைசியாக ஒருமுறை பால் கொடுத்துவிட்டு, பிள்ளையை வாசுவின் தோளில் கிடத்திவிட்டு, திரும்பிப் பாராமல் உள்ளே போனாள். கொஞ்ச நேரம் பிள்ளை சும்மா இருந்தது. பிறகு தேடத் தொடங்கியது. வாசு அதைத் தூக்கிக்கொண்டு அங்குமிங்கும் நடந்தான். போத்தலை வைத்துப் பார்த்தான். பிள்ளையின் அழுகை அந்தப் பெரிய மண்டபமெங்கும் கேட்டது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் தலை நிமிர்ந்தபோது விஜி எதிரே நின்றாள். கையில் போர்டிங் பாஸ் இருந்தது. சேலையின் முன்பக்கம் பாலில் நனைந்திருந்தது.

"ஏன்... விஜி, நேரமிருக்கு, போ. நான் சமாளிப்பன்."

"தாங்கோ" என்றாள். பிள்ளையை வாங்கிக்கொண்டு ஓரமாக இருந்த கதிரையில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் மூடினாள். அழுகை நின்றது. வாசு அவளுக்குப் பக்கத்தில் இருக்கப் பயந்து நின்றுகொண்டே இருந்தான். அந்த விமானம் புறப்பட்டது.

நாகலிங்கம் மேலும் மூன்று நாள் இருந்தார். கனகா கைத்தொலைபேசியை அவர் காதில் வைத்தாள். விஜி பேசினாள்: "அப்பா, நான் விஜி. மாதுமையும் இருக்கிறாள் அப்பா. கேக்குதே?" எதிர்ப்பக்கத்தில் மூச்சு மட்டும் இழுத்து இழுத்துக் கேட்டது. பிள்ளையைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் பிடித்தாள். வழக்கமான பெருங்குரலை எதிர்பார்த்ததோ என்னவோ, மாதுமை கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு "ங்கா" என்றது. மூச்சு ஒரு கணம் நின்று மறுபடி வந்தது என்று கனகா பிறகு சொன்னாள். அது உண்மையா, தங்கையை ஆற்றச் சொன்னதா என்று விஜி கேட்கவில்லை. அடுத்த நாள் விடிய அவர் போய்விட்டார்.

கடவுச்சீட்டு வந்தபோது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் முடிந்து, சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டிருந்தார்கள். பிள்ளை விசா இல்லாமல் இருந்ததற்கான அபராதத்தைக் கட்டி மூவரும் புறப்பட்டார்கள். கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வாசு வெளிநாட்டவர் வரிசையில் நின்றான். விஜியும் பிள்ளையும் மற்ற வரிசையில். அவன் எட்டி எட்டி அந்தப் பக்கமே பார்த்தான். அங்கே அலுவலர் மாதுமையின் புதுப் புத்தகத்தைத் திறந்து, படத்தைப் பார்த்து, பிள்ளையைப் பார்த்து, கன்னத்தில் விரலால் தட்டி, முத்திரை குத்திக் கொடுத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. விஜி அப்பால் போய்க் காத்திருந்தாள். வாசுவின் வரிசைதான் மெதுவாக நகர்ந்தது.

திருகோணமலை வீட்டில் கனகா அவனுக்கு மரியாதையாகத் தேநீர் கொடுத்தாள், சாப்பாடு போட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் அவனாகவே சொன்னான்: "அக்கா, நான் பயத்தில செய்ததுதான். பிள்ளைக்கு நல்லதெண்டு நினைச்சன்."

"எனக்குத் தெரியும் தம்பி" என்றாள் கனகா. "அப்பாவுக்குத்தான் ஒருத்தரும் சொல்லேல்லை. தன்னில ஏதும் கோவமோ எண்டு என்னட்டக் கேட்டவர்."

வாசு எழுந்து கிணற்றடிக்குப் போனான். வாய்விட்டு அழுதான். உள்ளே இருந்த விஜிக்குக் கேட்டிருக்கும். அவள் வரவில்லை.

அவன் திரும்பும் நாளில் விஜி பெட்டி அடுக்கவில்லை. விமான நிலையத்துக்குக் கூட்டிப்போகும் வான் வண்டி வந்து தெருப் படலையில் நின்றது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தாள்.

"நீங்கள் போங்கோ. நான் அப்பான்ர ஆண்டுத்திவசம் முடிச்சிட்டு வாறன்."

"ஒரு வருசமோ?"

"ஓம்."

வாசு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவளே சொன்னாள்: "ஆறு மாசத்துக்கு மேல நிண்டா துபாய் விசா போயிடும். தெரியும். போகட்டும். திரும்ப எடுக்கலாம்."

அவளுடைய குரலில் கோபம் இருக்கவில்லை. அதுதான் அவனைத் தாக்கியது. மகளை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். அவள் அவனுடைய சட்டைப் பையை இழுத்து விளையாடினாள். பிறகு திருப்பிக் கொடுத்தான்.

"ஒவ்வொரு நாளும் எடுப்பன்" என்றான்.

"எடுங்கோ. கதைக்கிறன்."

வான் திரும்பிப் பெரிய தெருவில் ஏறும்வரை அவள் படலையில்தான் நின்றாள். வாசு பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிள்ளை கையை ஆட்டியதா, இல்லை வெயிலுக்குக் கண்ணைக் கசக்கியதா என்பது அவனுக்குத் தெரியவில்லை.