ஜூலியாவின் குரலை அனுப்பிய வழி

சுவரோடு ஓடிய கேபிளை உருவி எடுக்கத்தான் கட்டட வேலைக்காரரான தியோடர் இரண்டு நாளாக அந்த ஆபீசுக்குப் போய்வந்தார். ஆடுகோடியில், டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் காதில் கேட்டு டைப் அடித்துத் தரும் ஆபீஸ். அவர் மகள் ஜூலியா அங்கேதான் வேலை பார்த்தாள். ஓசூர் ரோட்டில் பஸ் இடித்து அவள் போய் மூன்று மாதம் ஆகிறது. இப்போது ஆபீசையும் மூடுகிறார்கள். கம்ப்யூட்டர்களை வாங்கியவனின் டெம்போ வாசலில் நின்றது.

முந்தின நாள்தான் லாயிட் அந்த விஷயத்தைச் சொன்னான். அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன் அவன்.

"அங்கிள், ஜூலியா பேசினது அவ மிஷின்ல இருக்கு. ஆன்ட்டி பர்த்டேக்குன்னு லஞ்ச் டைம்ல ரெக்கார்ட் பண்ணினா. வீட்டுக்கு எடுத்துட்டு வரவேயில்ல."

மனைவி பிரிஜெட்டிடம் சொன்னபோது அவள் அழவில்லை. "மத்தியானமே கொண்டாந்துடுங்க" என்றாள், அவ்வளவுதான்.

மாடியில் இருக்கும் பெரிய மிஷினுக்குக் குரல் போய்ச் சேர்ந்தால்தான் கேசட்டில் ஏற்றி வெளியே எடுக்க முடியும். எப்படி அனுப்புவது என்று லாயிடும் சூப்பர்வைசர் மௌரீனும் பேச ஆரம்பித்தார்கள்.

"ஃப்ளாப்பில போடேன்" என்றாள் மௌரீன்.

"துண்டு துண்டா வெட்டணும் மேடம். இருக்கிற ஃப்ளாப்பி எல்லாம் பூஞ்சை. ஒரு துண்டு கெட்டாலும் மொத்தமும் போச்சு."

"ஈமெயில்?"

"நம்ம டெலிபோன் லைன்லயா? டெம்போக்காரன் தாத்தா ஆயிடுவான்."

ஃபோல்டரை ஷேர் செய்து பார்த்தான். பாதியில் நின்றது. மறுபடியும் செய்தான், அதே இடத்தில் நின்றது. தியோடருக்குச் செங்கல் கைமாற்றுவது ஞாபகம் வந்தது. வரிசையில் ஒருத்தன் தடுமாறினால் எல்லார் கையும் நின்றுவிடும்.

"லெட்டரெல்லாம் மாடிக்கு அனுப்புற எஃப்டிபி வழியிலயே தள்ளிடறேன். நிக்காம போகும்" என்றான் லாயிட்.

கீழே ஹாரன் அடித்தது. "பேகா, பேகா" என்று டெம்போக்காரன் கன்னடத்தில் அவசரப்படுத்தினான்.

"சீக்கிரம் பண்ணு தம்பி, அவன் போயிடப்போறான்" என்றார் தியோடர்.

நோயாளி சமாச்சாரம் எதுவும் மிஷினில் தங்கக்கூடாது என்பது அந்த ஆபீசின் கட்டளை. டைப் அடித்ததை மாடிக்கு அனுப்பு, ஃபைலின் பெயர் அங்கே வந்துவிட்டதா பார், இங்கே இருப்பதைத் துடைத்துவிடு. லாயிடின் விரலுக்கு வேறு பழக்கம் கிடையாது. அனுப்பினான். மாடியில் பெயர் வந்திருந்தது. ஜூலியாவின் மிஷினைச் சுத்தமாகத் துடைத்தான். இரண்டு பேர் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பிறகுதான் மாடியில் போட்டுக் கேட்டார்கள்.

"அம்மா" என்றாள் ஜூலியா. அதற்குமேல் ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரே இரைச்சல்.

லாயிட் மறுபடி போட்டான். "அம்மா." இரைச்சல்.

"டெக்ஸ்ட்ல அனுப்பிட்டியா?" என்று மெதுவாகக் கேட்டாள் மௌரீன்.

அவன் தலை கவிழ்ந்தது. "லெட்டருக்கு வைக்கிற மாதிரியே வெச்சுட்டேன் அங்கிள். அப்படி அனுப்பினா வரி முடியிற இடத்துல ஒரு குறியை எடுத்துட்டுத்தான் அனுப்பும். லெட்டருக்கு அதுதான் சரி. குரலுக்குள்ள அதே குறி நடுநடுவுல இருக்கும். அதையும் பிடுங்கிடுச்சு."

"அழிச்சதைத் திருப்ப முடியாதா?"

"அது மேலயே வேற எதையோ எழுதி அழிச்சிட்டேன். இங்க அதுதான் ரூல்."

அவனை அடிக்க வேண்டும் என்றுகூடத் தியோடருக்குத் தோன்றவில்லை. அவசரப்படுத்தியது அவர்தானே.

"நீ முழுசா கேட்டிருக்கியா? என்ன சொன்னா?"

"கேட்டேன் அங்கிள். நடுவுல சிரிச்சா. வார்த்தை ஞாபகமில்ல."

இரைச்சலை வெட்டிவிட்டு, அந்த ஒரு சொல்லைக் கேசட்டில் ஏற்றிக் கொடுத்தான்.

வீடு இருக்கும் ஒக்கலிபுரம் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே, மிச்சத்தை என்ன சொல்லலாம் என்று தியோடர் கட்டிப் பார்த்தார். மகள் பேசுகிற மாதிரி ஒரு வாக்கியம்கூட அவருக்கு வரவில்லை. காலையில் இருட்டோடு போய் ராத்திரி வருகிறவருக்கு அவள் எப்படிப் பேசுவாள் என்று என்ன தெரியும்.

பிரிஜெட் கேசட்டைப் போட்டாள். "அம்மா."

குனிந்து காதை வைத்து இன்னொரு தடவை கேட்டாள்.

"அன்னிக்கு மூக்கடைச்சிருக்கு அவளுக்கு" என்றாள். "கஷாயம் வெச்சுத் தரேன்னேன், வேணாம்னுட்டு ஓடினா." நாடா வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. "அப்புறம் என்ன சொன்னா?"

"கெட்டுப் போச்சு பிரிஜெட். சிரிச்சாளாம்."

"எதுக்குச் சிரிச்சா?"

தியோடர் கேசட்டைப் பின்னால் சுற்றி மறுபடி போட்டார்.