அடியில் ஒரு பச்சைப் புள்ளி

செவ்வாய்க்கிழமை காலை லாரியிலிருந்து இறங்கிய பழைய டி.வி. பெட்டிகளைப் பார்த்ததும் விஜிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மரக்கலர் பிளாஸ்டிக் உடம்பு, வலது பக்கம் இரண்டு திருகு, அதற்குக் கீழே வெள்ளி எழுத்தில் கம்பெனி பெயர். முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் இதே ஓசூர் ரோட்டில் இந்தப் பெட்டிகளுக்குள் ஈயம் வைத்து ஒட்டியவள் அவள். இன்றைக்கு அவற்றைப் பிரித்துப் போடுவது அவள் வேலை. தலைவிதியை நொந்துகொள்ள அவளுக்கு என்றைக்குமே நேரம் இருந்ததில்லை. ஆனால் அந்த விதிக்கு இப்படியொரு கிண்டல் புத்தி இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"உங்க கம்பெனியா அக்கா? அடிச்சது லக்கு!" என்று சிரித்தான் சூப்பர்வைசர் ஷெர்வின். கே.ஜி.எஃப்.காரன். தங்கச் சுரங்கம் மூடிப்போன ஊரிலிருந்து வந்து, செத்துப்போன கம்ப்யூட்டருக்குள் தங்கம் தேடும் தொழிலில் சேர்ந்தவன். "கோர்ட்ல கேஸு, கோடவுனுக்கு சீலு. இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் ஆர்டர் ஆயிருக்கு. இருபத்திரண்டு கம்ப்ளெயின்ட் பீஸ், மீதி எல்லாம் விக்காத புது பீஸ்."

கம்ப்ளெயின்ட் பீஸ் என்றதும் விஜி பெட்டிகளின் பின்பக்கம் போனாள். ஒரு பெட்டியின் பின்னால் நூலில் கட்டியிருந்த பழுப்பு அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். படம் ஆடுகிறது என்று இங்கிலீஷில் எழுதி, பெட்டி செய்த தேதியும் போட்டிருந்தது. தொண்ணூற்று நாலு, ஆகஸ்ட். அந்தத் தேதி அவளுக்கு மறக்காது.

அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது. லைனில் நாற்பது பெண்கள், எல்லோருக்கும் ஆகாச நீலத்தில் கோட்டு. போர்டில் யார் சால்டரிங் வைத்தார்கள் என்று தெரிய மூலையில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். கம்பெனி கொடுத்த மை துடைத்தால் போய்விடும் என்று பெண்களே நெயில் பாலிஷுக்கு மாறிவிட்டார்கள். ஆளுக்கொரு நிறம். விஜிக்கு ரத்தச் சிவப்பு. பக்கத்து ஸ்டூலில் தனக்கோடி. அவளுக்குப் பச்சை. பச்சை நெயில் பாலிஷ் கமர்ஷியல் ஸ்ட்ரீட் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை என்று, அண்ணன் வேலை பார்த்த கேரேஜிலிருந்து ஸ்கூட்டர் பெயிண்டைத் தைல பாட்டிலில் கொண்டுவந்தவள். மற்றவள் வைத்திருக்கும் நிறம் எனக்கெதற்கு என்கிற ஜாதி.

என்ன நாட்கள் அவை! ஏழரை மணி பஸ்ஸில் இடம் பிடிக்கிற சண்டை, லைன் நெடுக ஈயமும் பிசினும் காய்கிற வாசம், டெஸ்டிங் மேஜையில் வரிசையாக இருபது டி.வி.யில் ஒரே முகம் சிரிக்கிற வேடிக்கை. மத்தியானம் ஒரே டிபன் பாக்ஸ். விஜி டப்பாவில் சாப்பிடுவாள், மூடியில் தனக்கோடி. குறை சொல்லாமல் தனக்கோடிக்குச் சோறு இறங்காது. உப்பு கம்மி என்பாள், பருப்பு வேகவில்லை என்பாள், சொல்லிக்கொண்டே மூடியை வழித்துவிடுவாள். அந்த அரைமணி நேரத்துக்காகவே விஜி வேலைக்குப் போனாள் என்றால்கூடப் பொய்யில்லை.

அந்த ஆகஸ்டில் விஜியின் எட்டு மாதக் குழந்தைக்கு விடாத வயிற்றுப்போக்கு. ஒரு வாரம் முழுக்க மூன்று மணிக்கே அவளைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டு, அவள் பங்குக்கு மிச்சமிருந்த போர்டுகளையும் தனக்கோடியே முடித்தாள். விஜியின் எண்ணிக்கை குறையக்கூடாதே என்று மூலையில் சிவப்புப் புள்ளியையே வைத்தாள். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரை உட்கார்த்தும் முன்னால், அதற்கு அடியில் யாருக்கும் தெரியாத இடத்தில் பச்சையும் ஒன்று வைப்பாள். விஜி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டாள்.

"என் வேலை எதுன்னு எனக்குத் தெரியணும்ல. நாளைக்கு எதுனா ஒண்ணு ஆச்சுன்னா உன் தலையில விழக்கூடாது பாரு" என்றாள் தனக்கோடி.

ஒன்று ஆகத்தான் ஆயிற்று. மூன்று மாதத்தில் இருபத்திரண்டு செட் திரும்பி வந்தது. எல்லாவற்றிலும் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை, எல்லாவற்றிலும் மூலையில் சிவப்புப் புள்ளி. மேனேஜர் ஸ்ரீகண்டன் லைனை நிறுத்தி, நாற்பது பேர் நடுவில் விஜியைக் கேட்டார். வேலை போனால் குழந்தைக்குப் பால் பவுடர் கிடையாது. விஜிக்கு அது ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

"அந்த வாரம் என் போர்டை எல்லாம் தனம்தான் சார் போட்டா" என்றாள்.

தனக்கோடி கத்தவில்லை, அழவில்லை. "டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிப் பாருங்க சார். நான் போட்டதுல அடியில பச்சை இருக்கும். இவளையே கேளுங்க, இவளுக்குத் தெரியும்" என்றாள்.

ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்க யாருக்கம்மா நேரம் என்றார் ஸ்ரீகண்டன். விஜி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று மத்தியானமே தனக்கோடி நீலக் கோட்டைக் கழற்றி மடித்து ஸ்டூல் மேல் வைத்துவிட்டுப் போனாள். அதன்பிறகு இருவரும் பேசியதில்லை. சாயங்காலக் களைப்பில் செய்த வேலை, அவளுடையதுதான் கெட்டுப்போயிருக்கும் என்று விஜி தனக்குத்தானே சொல்லிச் சொல்லி, காலப்போக்கில் அதை நம்பவும் செய்தாள். நம்பாவிட்டால் எப்படித் தூங்குவது?

நாலு வருஷத்தில் கம்பெனி இழுத்து மூடப்பட்டது. பிறகு விஜி வீட்டுப் பின்கட்டில் ஒயர் எரித்தாள், போர்டை ஆசிடில் முக்கினாள், நெஞ்சு கிழிய இருமினாள். வெளிநாட்டுப் பணத்தில் ஒரு திட்டம் வந்து, எரிக்கிறவர்களைத் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுத்தபோதுதான் இந்த யூனிட்டுக்கு வந்தாள். இங்கே கையுறை, முகமூடி, ஆறு மாதத்துக்கொரு ரத்தப் பரிசோதனை. எதையும் எரிப்பதில்லை. டிரான்ஸ்ஃபார்மர், கெப்பாசிட்டர், அலுமினியம் எல்லாவற்றையும் கையால் பிரித்த பிறகு, போர்டு மட்டும் ஐரோப்பாவில் ஒரு உருக்காலைக்குக் கப்பலேறும். ஈயப்புகையை வெளியே விடாமல் உருக்குகிற இடமாம். கப்பலேறுவதும் லேசில்லை. இந்த நாடு எழுதிக் கேட்டு, அந்த நாடு சம்மதித்து, கப்பல் நடுவில் தொடுகிற நாடுகளும் தலையாட்டினால்தான் பெட்டி நகரும். பெண்ணைக் கட்டிக்கொடுக்கக்கூட இத்தனை பேரிடம் சம்மதம் கேட்பதில்லை என்று விஜி சொல்வாள்.

ஆக, அன்று யாருக்கும் நேரமில்லாத வேலைதான் இன்று அவளுடைய தினசரி வேலை. டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்குவது.

முதல் கம்ப்ளெயின்ட் பெட்டியைத் திறந்தாள். மூலையில் சிவப்பு, முப்பது வருஷ தூசிக்கு அடியிலும் ஜம்மென்று இருந்தது. டிரான்ஸ்ஃபார்மரைச் சூடுகாட்டித் தூக்கினாள். அடியில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. புதன்கிழமை சாயங்காலத்துக்குள் இருபத்திரண்டையும் முடித்தாள். ஒன்றிலாவது பச்சை இருந்துவிடாதா என்று ஏங்கினாள். சிநேகிதி தப்பு செய்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற கேவலமான ஏக்கம். அது கேவலம் என்று அவளுக்கே தெரிந்தும் ஏங்கினாள்.

அன்றிரவு வீட்டில் அவளுக்கு ஒரு சாக்கு கிடைத்தது. பச்சைப் புள்ளி என்பதே கதையோ? எப்போதோ ஒன்றிரண்டில் வைத்துவிட்டு, எல்லாவற்றிலும் வைத்ததாகச் சொல்லிவிட்டாளோ? அந்தச் சாக்கைப் பிடித்துக்கொண்டுதான் வியாழக்கிழமை வேலைக்கு வந்தாள். விக்காத புது பெட்டிகளில் அதே வாரத்துத் தேதி போட்டவற்றைத் தேடி எடுத்தாள். முதல் பெட்டியிலேயே மூலையில் சிவப்பு. தூக்கினாள்.

டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் பச்சை. வெளிச்சம் படாமல் இருந்ததால் நேற்று வைத்தது போல் பளபளத்தது. போர்டைத் திருப்பினாள். ஒவ்வொரு முனையிலும் ஈயம் வழுவழுவென்று, உருண்டு திரண்டு உட்கார்ந்திருந்தது. அடுத்த பெட்டியும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. அந்த வாரம் தனக்கோடி போட்டதெல்லாம் முத்து. மூன்று மணிக்கு முன்னால், குழந்தை நினைப்பில் கண்ணீரும் கையுமாக விஜி போட்டவைதான் திரும்பி வந்த இருபத்திரண்டும்.

முகமூடிக்குள்ளேயே அழுதாள். கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாமல் போகவே, ஷெர்வின் ஓடிவந்தான். நடந்ததை எல்லாம் அவனிடம் கொட்டினாள்.

"இந்த ஒரு போர்டை மட்டும் குடு சார். ஆனேக்கல் போய் அவகிட்ட காட்டிட்டு நாளைக்கே கொண்டாந்துடறேன்."

"அக்கா, உள்ள வந்த வெயிட், வெளிய போற வெயிட் ரெண்டும் டேலி ஆகணும். லிஸ்ட் ஏற்கெனவே அங்க போயாச்சு. ஒரு போர்டு வெளிய போயி வந்துதுன்னு தெரிஞ்சா சர்டிஃபிகேட்டே போயிடும். போட்டோ எடுத்துத் தரவா?"

"போட்டோல என்ன தெரியும்? அவ கையால தொட்டுப் பாக்கணும் சார்."

ஷெர்வின் தலையைச் சொறிந்தான். நல்லவர்களுக்கு ரூல் புத்தகத்திலும் சீக்கிரம் ஒரு வழி தென்படும். "பொருள்தான் வெளிய போகக்கூடாது. ஆளு உள்ள வரலாமே! நாளைக்கு ஐரோப்பாலேருந்து ஆடிட் மேடம் வர்றாங்க. அன்னைக்கு வெளியாளுங்களும் வந்து பாக்கலாம்னு அவங்களே எழுதியிருக்காங்க. கூட்டிட்டு வாங்க. சனிக்கிழமை கன்டெய்னருக்கு சீல் வச்சிடுவாங்க, அப்புறம் என்னால ஆகாது."

சாயங்காலம் விஜி ஆனேக்கல் பஸ் ஏறினாள். பஸ் ஸ்டாண்டை ஒட்டித் தனக்கோடி ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதாகப் பழைய லைன் பெண்கள் சொல்லக் கேட்டிருந்தாள். எத்தனையோ தடவை அந்த வழியாக ஓசூர் போகும்போது ஜன்னலிலிருந்து தலையைத் திருப்பிக்கொண்டவள்தான்.

"எஷ்டு காப்பி பேகு?" என்று, எத்தனை காப்பி வேண்டும் என்பதைக் கன்னடத்தில் கேட்டாள் தனக்கோடி, மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல். முடி முழுக்க நரைத்திருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

விஜி ஒத்திகை பார்த்து வந்த பேச்செல்லாம் மறந்துபோயிற்று. "தூக்கிப் பாத்தேன் தனம்" என்றாள்.

மிஷினின் வெளிச்சம் ஒருதடவை ஓடி நின்றது. தனக்கோடி நிமிர்ந்தாள். "எதை?"

"டிரான்ஸ்ஃபார்மரை."

"இத்தனை வருஷம் கழிச்சா?"

"இப்பதான் கையில கிடைச்சுது. எதுல இருக்கும்னு சொன்னியோ அதுல இருக்கு. திரும்பி வந்ததுல ஒண்ணுலகூட இல்ல." விஜி ஒரு அடி கிட்டே போனாள். "எல்லாம் என் வேலைடி. நீ வந்து பாக்கணும். அத வெளிய கொண்டாற விடமாட்டேங்கறாங்க."

தனக்கோடி அடுத்த ஆளுக்கு ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தாள், சில்லறை கொடுத்தாள். பிறகு, "எத்தனை மணிக்கு?" என்றாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வந்தாள். கேட்டில் விசிட்டர் நோட்டில் வந்த காரணம் என்று இருந்த இடத்தில், சரிபார்க்க என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஹெல்மெட்டும் கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு அவள் உள்ளே வந்தபோது, ஆடிட் மேடம் விஜியின் மேஜை முன்னால் நின்றிருந்தாள். வேலை செய்கிற பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி நின்றிருந்தார்கள். விஜி அதற்காகத்தான் காத்திருந்தாள். நாலு பேர் நடுவில் சொன்னதை நாலு பேர் நடுவில்தான் எடுக்க வேண்டும்.

"சார், மேடத்துக்கு இங்கிலீஷ்ல சொல்லுங்க" என்றாள் ஷெர்வினிடம். "இவ பேரு தனக்கோடி. எங்க லைன்ல இவளை மாதிரி ஈயம் வைக்க ஆளே கிடையாது. நான் பண்ண தப்ப இவ தலையில போட்டு இவ வேலைய காலி பண்ணேன். தூக்கிப் பாருங்கன்னு சொன்னா, எனக்குத் தெரிஞ்சும் வாயைத் திறக்கல. இப்ப சொல்றேன். தப்பு என்னுது."

ஷெர்வின் சொன்னான். அந்த வெள்ளைக்காரி குறிப்பேட்டை மூடிவிட்டு, விஜி மேஜையில் எடுத்து வைத்திருந்த இரண்டு போர்டையும், பச்சை வைத்ததையும் திரும்பி வந்ததில் ஒன்றையும், தன் கையாலேயே தனக்கோடியிடம் கொடுத்தாள்.

தனக்கோடி பச்சைப் புள்ளியை வெகுநேரம் பார்க்கவில்லை. அது அங்கே இருக்கும் என்பது அவளுக்கு எப்போதும் தெரியும். அவள் பார்த்தது விஜியின் போர்டைத்தான். திருப்பி, விரலால் ஒவ்வொரு முனையாகத் தடவினாள். "அயர்னை அவசரத்துல எடுத்திருக்க. அப்பவே சொல்லுவேன்ல, ஒண்ணு ரெண்டு எண்ணிட்டு எடுடின்னு" என்றாள். பிறகு இரண்டு போர்டையும் கப்பலுக்குப் போகும் பெட்டியில் அவளே வைத்தாள்.

மத்தியான பெல் அடித்தது. கையைச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிக்கொண்டு இருவரும் சாப்பாட்டு ரூமில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். விஜி டிபன் பாக்ஸைத் திறக்காமல், அதையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "என்னால உன் வேலை போச்சு தனம்."

"வேலை கிடக்குது விடு. நாலு வருஷத்துல அவன் கம்பெனியையே மூடிட்டுப் போயிட்டான். எப்படியும் போயிருக்கும்." தனக்கோடி ஜன்னல் பக்கம் பார்த்தாள். "ஆனா இன்னும் நாலு வருஷம் நாம சேந்து சாப்பிட்டிருப்போமேடி. அதை எங்கேருந்து எடுத்துத் தருவ?"

விஜி டப்பாவைத் திறந்து, பாதியை மூடியில் எடுத்து வைத்து, மேஜைமேல் மெல்ல நகர்த்தினாள். தனக்கோடி மூடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு ஒரு வாய் எடுத்து மென்றாள்.

"உப்பு கம்மி" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.