பன்னிரண்டு, பதினான்கு, நாற்பத்தொன்று

இந்தக் காலத்து ஆட்களுக்குப் பக்கத்தில் நிற்கிற மனுசனைக் கேட்கத் தெரியாது. மழை வருமா என்று டிவியைக் கேட்பார்கள். காய்ச்சலா என்று கண்ணாடிக் குச்சியைக் கேட்பார்கள். வண்டி கிளம்பாவிட்டால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிற மஞ்சள் பல்பைக் கேட்பார்கள். "நேத்து இந்த வண்டிக்கு என்ன ஆச்சு?" என்று ஒருத்தனாவது வாயைத் திறந்து கேட்டானா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

காலையிலிருந்து திருமூர்த்தி தனக்குத் தானே இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் அது பொய் என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

வெளிநாட்டில், காப்பெல் என்கிற ஊரில், மகன் வீட்டு வாசலில் அந்தப் பழைய மெரூன் கார் பானெட் திறந்தபடி நின்றது. பத்து வயதான வண்டி. மருமகள் விஷாகாவுக்கென்று போன வருஷம் வாங்கியது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் பக்கத்து ஊரான இர்விங்கில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர வேண்டும். ஊரில் பி.பார்ம் படித்தவள், இங்கே வந்து இரண்டு வருஷம் வீட்டுக்குள்ளேயே கிடந்துவிட்டு இப்போதுதான் ஒரு வேலை கிடைத்திருந்தது. மகன் பசுபதியின் ஆபீஸ் அதற்கு நேர் எதிர்த்திசை. இந்த வண்டி ஓடினால் வேலை. ஓடாவிட்டால் இல்லை.

பக்கத்துத் தெரு முகுந்த் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தான். மெட்ராஸ் பையன், கம்ப்யூட்டர் வேலை. மடியில் லைப்ரரியிலிருந்து எடுத்த தடிப் புத்தகம். கையில் ஒரு பேப்பர் கிளிப்பை 'ப' மாதிரி வளைத்து, டாஷ்போர்டுக்குக் கீழே இருந்த பிளக்கின் இரண்டு ஓட்டைகளில் சொருகியிருந்தான்.

"சாவிய ஆன் பண்றேன் அங்கிள், ஸ்டார்ட் பண்ணல. இப்ப அந்த லைட்ட மட்டும் பாருங்க."

மஞ்சள் பல்பு ஒரு தடவை மினுக்கியது. நின்றது. இரண்டு தடவை மினுக்கியது.

"ஒண்ணு, ரெண்டு. பன்னெண்டு" என்றான் முகுந்த். "அப்பறம் ஒண்ணு, நாலு. பதினாலு. அடுத்து நாலு, ஒண்ணு. நாப்பத்தொண்ணு. மூணு கோட் நம்பர் இருக்கு."

"பல்பு கண்ணடிக்குது, நீ பதில் சொல்லிட்டிருக்கற" என்றார் திருமூர்த்தி.

"கிண்டல் பண்ணாதீங்க அங்கிள். வண்டிக்குள்ள கம்ப்யூட்டர் இருக்கு. தனக்கு என்ன ப்ராப்ளம்னு அதுவே சொல்லும்."

"எனக்கு என்ன ப்ராப்ளம்னு எனக்கே சொல்லத் தெரியல. இது சொல்லுதாக்கும்."

முகுந்த் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

நேற்று ஆயுத பூஜை. உடுமலை பஸ் ஸ்டாண்டில் முப்பது வருஷம் அம்பாசடர் டாக்சி ஓட்டியவர் அவர். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. பூஜைக்கு முதல் வேலையே பானெட்டைத் தூக்கி என்ஜினுக்கு நாலு வாளி தண்ணீர் ஊற்றுவதுதான். எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கிற வண்டிக்கு எப்படிச் சந்தனம் வைப்பது? ஊற்றியதும், தீப்பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே வேட்டித் துணியால் துடைத்துவிட்டால் ஒரே இழுப்பில் கிளம்பும்.

வீட்டில் யாரும் இல்லை. விஷாகா பக்கத்து வீட்டுக் கொலுவுக்குச் சுண்டல் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். பசுபதி ஆபீசில். திருமூர்த்தி தோட்டத்து ஓஸ் பைப்பை இழுத்து வந்து அடித்தார். இந்த ஊர் பைப்பின் முனையில் துப்பாக்கி மாதிரி ஒன்று மாட்டியிருந்தது. தண்ணீர் சாட்டை போல விழுந்தது. என்ஜின் புதுப் பாத்திரம் போல வந்தது. துடைக்கலாமென்று பார்த்தால் மூடியை ஸ்குரூ போட்டு இறுக்கியிருந்தார்கள். அம்பாசடரில் விரலால் தட்டினால் கழன்று வரும். வெளியே மட்டும் துடைத்து, பானெட்டைச் சாத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்.

சாயங்காலம் பழத்தை நசுக்க விஷாகாவைக் கூப்பிட்டார். அவள் சாவியைத் திருகினாள். கிர்ர், கிர்ர் என்று சுற்றியதே தவிர பிடிக்கவில்லை. நாலு பழமும் நசுங்காமல் அப்படியே இருந்தன.

பசுபதி வந்ததும் விஷாகாவிடம்தான் ஆரம்பித்தான். "நேத்து நீதான் கடைசியா ஓட்டுன. என்ன பண்ண?"

"ஒண்ணும் பண்ணலீங்க. நல்லாத்தான் வந்துச்சு."

"ஆக்சிலரேட்டரப் போட்டு மிதிச்சிருப்ப. ஒரு பொருள ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாது. இதுல வேலைக்கு வேற போகணுமாம்."

சாப்பாட்டு மேசையிலும் அது ஓயவில்லை. விஷாகா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திருமூர்த்திக்கு முன்னால் சுண்டல் ஆறிக்கொண்டிருந்தது. சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் போன வாரம்தான் பசுபதி அவள் முன்னாலேயே சொல்லியிருந்தான்: "அப்பா, இது உங்க அம்பாசடர் இல்ல. பானெட்டத் தொறக்கவே தொறக்காதீங்க." இப்போது சொன்னால் அந்தத் திட்டு முழுக்க இந்தப் பக்கம் திரும்பும். அறுபத்தெட்டு வயதில், மருமகள் எதிரில். சுண்டலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். வாய் நிறைய இருந்தால் பேச வேண்டியதில்லை.

இப்போது முகுந்த் புத்தகத்தைப் புரட்டி முடித்துக் காரை விட்டு இறங்கினான். பசுபதி காபிக் கோப்பையோடு வந்து நின்றான்.

"பன்னெண்டுன்னா என்ஜின் சுத்தற சிக்னல் கம்ப்யூட்டருக்கு வரல. பதினாலு, இக்னிஷன் சிக்னல் வரல. நாப்பத்தொண்ணு ஆக்சிலரேட்டர் பக்கத்து சென்சார். ஒண்ணு போயிருந்தா மாத்திடலாம் பசுபதி. மூணும் ஒரே நாள்ல போகாது. எனக்கென்னவோ கம்ப்யூட்டரே போயிடுச்சுன்னு தோணுது."

"அத மாத்தினா?"

"வண்டி வெலையே அவ்வளவு வராது."

பசுபதி தலையை ஆட்டினான். "காயலாங்கடைக்காரனக் கூப்பிட்டு எடுத்துட்டுப் போகச் சொல்லிடறேன். இப்ப இன்னொரு வண்டி எல்லாம் முடியாது." பிறகு வாசற்படிப் பக்கம் திரும்பி, "வேலைக்கு அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றான். அங்கேதான் விஷாகா நின்றிருந்தாள்.

அவள் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள். காரின் இடது பக்கக் கதவைத் திறந்து தன் சாமான்களை எடுக்க ஆரம்பித்தாள். கூலிங் கிளாஸ். இர்விங்குக்குப் போகிற வழியை அவளே கையால் வரைந்து வைத்திருந்த காகிதம். ஒரு சீப்பு. மருந்துக்கடையில் கொடுத்த பெயர் வில்லை, இன்னும் உறை பிரிக்காதது. ஒவ்வொன்றாகப் பையில் போட்டாள்.

உள்ளே பசுபதி போனில் விலாசம் சொல்லிக்கொண்டிருந்தது வாசல் வரை கேட்டது.

திருமூர்த்தி அந்தப் பையையே பார்த்தார். டாக்சி ஓட்டிய காலத்தில் வண்டி கழுவுகிற பையன் செய்த தப்பைக்கூடத் தன் தலையில் போட்டுக்கொண்டவர் என்று அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அந்த ஆள் எங்கே போனான் என்று தெரியவில்லை. இரண்டு எட்டில் படியேறி உள்ளே போனார்.

"டேய், போனை வை."

"இருங்கப்பா, பேசிட்டிருக்கேன்."

"வைடான்னா. நாந்தான் என்ஜினுக்குத் தண்ணி அடிச்சேன். ஓஸ் பைப்புல. நேத்து மத்தியானம்."

பசுபதி போனைக் காதிலிருந்து எடுத்தான். அவன் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் வாசலிலிருந்து முகுந்த், "என்ஜின் மேலயா அங்கிள்? டிஸ்ட்ரிபியூட்டர் பக்கமா?" என்று கத்திக் கேட்டான்.

"எல்லாப் பக்கமுந்தான்."

முகுந்த் ஸ்குரூ டிரைவரோடு குனிந்தான். மூடியைக் கழற்றிக் கவிழ்த்தான். உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டியது. பக்கத்து சென்சாரின் பிளக்கைப் பிடுங்கினான், அதிலும் ஈரம். விஷாகா கேட்காமலேயே தலைமுடி காயவைக்கிற மெஷினையும் நீளமான வயரையும் கொண்டுவந்தாள். திருமூர்த்தி தோளிலிருந்த துண்டை எடுத்துக்கொண்டு மூடியின் உள்பக்கத்தை ஒவ்வொரு பித்தளை முனையாகத் துடைத்தார். மெஷின் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

அரை மணி நேரம் கழித்து மூடியைப் பூட்டி, ஒரு ஃபியூஸைப் பிடுங்கிப் பழைய கோட் நம்பர்களை அழித்துவிட்டு, முகுந்த் சாவியைத் திருகினான். இருமியது. இரண்டாவது தடவை பிடித்தது. பல்பு ஒரு கணம் எரிந்து அணைந்தது.

"பாத்தீங்களா அங்கிள்? கோட் கரெக்டாத்தான் சொல்லியிருக்கு. பன்னெண்டும் பதினாலும் டிஸ்ட்ரிபியூட்டர்தான். நாப்பத்தொண்ணு அந்த ஈர பிளக்."

"அப்ப எதுக்குக் கம்ப்யூட்டர் போச்சுன்ன?"

"அது நான் சொன்னது. கோட் சொல்லல."

"தண்ணின்னு பல்பு சொல்லுச்சா?"

"அது எப்படி அங்கிள் சொல்லும்?"

"அவ்வளவுதான் அதோட படிப்பு."

பசுபதி இப்போது சிரித்துவிட்டான். போனில் காயலாங்கடைக்காரனுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். "நல்ல ஆளுங்கப்பா நீங்க. இன்னும் ஒரு மணி நேரம் பேசாம இருந்திருந்தா வண்டியத் தூக்கிட்டே போயிருப்பான்." முகுந்தைக் காபிக்குக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே திரும்பினான்.

"டேய்" என்றார் திருமூர்த்தி. "நேத்து பூரா அவளத் திட்டுனியே."

"அதான் சரியாயிருச்சே. விடுங்கப்பா."

அவன் போய்விட்டான். இவ்வளவு சுலபமாக அது முடிந்துபோனது அவருக்குப் பிடிக்கவில்லை. நாலு திட்டு விழுந்திருந்தால் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும். அவர் பங்குத் திட்டையும் அவளே நேற்று வாங்கித் தீர்த்துவிட்டாள்.

விஷாகா சீட்டில் உட்கார்ந்து என்ஜினை ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஜன்னலருகே போய் நின்றார். துண்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"நேத்தே சொல்லியிருக்கோணும் அம்மிணி. பயந்துட்டேன்."

"பரவால்லீங்க மாமா."

"இல்ல, நீ சாப்புடாம எந்திரிச்சுப் போனதையும் பாத்துட்டுத்தான் உக்காந்திருந்தேன்."

அவள் பார்வை கண்ணாடிக்கு வெளியே இருந்தது.

"பரவால்லீங்க மாமா" என்றாள் மறுபடியும், முன்பு சொன்ன அதே குரலில். "வெயில்ல நிக்காதீங்க. உள்ள போங்க."

அவர் உள்ளே போகவில்லை. தெருவில் இறங்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, யாருமில்லாத நடைபாதையில் நடந்தார். அவள் 'பரவால்லீங்க' என்று முதல் தடவை சொன்னபோதாவது கொஞ்சம் நிஜம் இருந்ததா என்று யோசித்துப் பார்த்தார். இரண்டு தடவை சொன்னாள், மரியாதையாகத்தான் சொன்னாள். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.