பராமரிப்பின்றிக் கிடப்பது எது?

பதினான்கு வீடுகள் கொண்ட அந்தக் குடியிருப்பில் சங்கச் செயலாளருக்கு வைத்த பெயர் அங்குலம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு இரும்பு அளவுகோல். புல் மூன்று அங்குலத்துக்கு மேல் வளரக் கூடாது என்பது அவர் போட்ட விதி. மீறினால் நோட்டீஸ், பதினைந்து நாள் அவகாசம். யாராவது கெஞ்சினால், "ஒரு நாள்கூட முடியாது" என்பார். வரைபடம் போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் மனுஷன் கோடு போடுவதை மட்டும் விடவில்லை.

அவர் வீடு பன்னிரண்டு. முகப்பில் 'சிறந்த தோட்டம்' பலகை ஆறு வருஷமாகத் தொங்குகிறது. பக்கத்தில் பதிமூன்று, பஸ் டிரைவர் வீடு. கேட் ஒற்றைக் கீலில் சாய்ந்து நிற்கும். புல் முழங்காலைத் தொடும். சுவரில் சுண்ணாம்பு உரிந்து, வராண்டாவில் கால் உடைந்த நாற்காலிக்குச் செங்கல் முட்டுக் கொடுத்திருக்கும். அந்த நாற்காலியில்தான் அங்குலத்தின் மனைவி தினமும் சாயங்காலம் போய் உட்காருகிறாள்.

உட்கார்ந்தால் பரவாயில்லை, சிரிக்கிறாள். டிரைவரின் மனைவி ஏதோ சொல்ல, இவள் மூச்சு முட்டச் சிரிப்பது வேலியைத் தாண்டி வரும். பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே அங்குலம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். இந்தச் சிரிப்பு நம் வீட்டில் எப்போது கேட்டது? யோசித்தால் ஞாபகம் வரவில்லை. தெருவில் போகிறவர்கள்கூட அந்தச் சாய்ந்த கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று பேசிவிட்டுத்தான் போனார்கள். இவருடைய ரோஜாவுக்கு ஒரு தலையாட்டலோடு சரி. வயிறு பற்றி எரிந்தது அவருக்கு. பதிமூன்றுக்கு ஒரு நோட்டீஸ் போய் அந்த வராண்டா காலியானால் அவள் சாயங்காலங்கள் திரும்பி வந்துவிடும் என்று கணக்குப் போட்டார்.

ஒரே ஒரு சிக்கல். செயலாளரே புகார் கொடுக்கக் கூடாது, அடுத்த வீட்டு உரிமையாளர்தான் கொடுக்க வேண்டும் என்பதும் அவரே எழுதிய விதி. பன்னிரண்டாம் வீடு மனைவி பெயரில் இருந்தது. படிவத்தைச் சாப்பாட்டு மேஜையில் கொண்டு போய் வைத்தார்.

"உன் கையாலேயே எழுதணும்மா. எழுதி உறையில போட்டு ஒட்டிடு. கூட்டத்துலதான் பிரிப்போம், நான்கூட முன்னாடி பார்க்கக் கூடாது."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். "கண்ணால பார்த்ததைத்தானே எழுதணும்?"

"ஆமா, உண்மையை எழுது. பயப்படாத."

"எல்லாக் கட்டத்தையும் நிரப்பணுமா?"

"ஒண்ணு விட்டாலும் செல்லாது."

அவள் பேனாவை எடுத்தாள். மறுப்பாள், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்து வந்தவருக்கு வாயெல்லாம் பல். அன்று ரோஜாவுக்கு இரண்டு குடம் தண்ணீர் கூடுதலாகக் கிடைத்தது.

ஞாயிறு காலை சங்க அறையில் எல்லாரும் கூடினார்கள். டிரைவர் வேலைக்குக் கிளம்பும் உடுப்பிலேயே வந்திருந்தார். அவர் மனைவியும் அங்குலத்தின் மனைவியும் மூன்றாவது வரிசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். நோட்டீஸ் வாங்கப் போகிறவளோடு என்ன ஒட்டு என்று அங்குலத்துக்கு அப்போதும் புகைந்தது. உறையைக் கிழித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"புகாருக்குள்ளான வீட்டின் எண், பன்னிரண்டு." நிமிர்ந்து பார்த்தார். "எண்ணை மாத்திப் போட்டுட்டாங்க. பதிமூணுன்னு திருத்திக்கங்க."

"மாத்தல," என்றாள் மனைவி.

அவர் அசட்டுச் சிரிப்புடன் அடுத்த கட்டத்துக்குப் போனார். "பராமரிப்பின்றிக் கிடப்பது எது?" அதற்கப்புறம் படிவத்தை மடிக்கப் பார்த்தார்.

"முழுசா படிக்கணும் சார்," என்றார் முன்வரிசைப் பல் டாக்டர். போன வருஷம் சன்னல் பெயின்ட்டுக்கு நோட்டீஸ் வாங்கியவர். "ஒரு எழுத்துகூட விடக் கூடாது. உங்க விதிதானே?"

"நான்," என்று படித்தார் அங்குலம்.

அறையில் யாரோ இருமினார்கள். "எவ்வளவு காலமாக? மக கல்யாணமாகிப் போனதுலேர்ந்து. குறையின் விவரம். புல்லு வளர்ந்தா குனிஞ்சு பார்க்கிறார். நான் முடி வெட்டிக்கிட்டு வந்து ஒன்பது நாளாச்சு."

அவர் மெல்லத் தலையைத் தூக்கினார். ஆமாம், கழுத்துவரைதான் இருந்தது. அழகாகவும் இருந்தது. டிரைவர் வீட்டில் அதை முதல் நாளே சொல்லியிருப்பார்கள். இத்தனை நாளாக அந்த வீட்டின் மேல் பட்ட பொறாமை அத்தனையும் அவருக்கு இப்போது வெட்கமாக மாறியது.

கடைசிக் கட்டம் அச்சில் இருந்தது. "சரிசெய்ய அவகாசம், பதினைந்து நாள்." அதற்குக் கீழே, "தவறினால் சங்கமே ஆள் வைத்துச் சரிசெய்யும்." பின்வரிசையில் கொல்லென்று ஒரு சிரிப்பு எழுந்தது. டிரைவரின் மனைவி மட்டும் சிரிக்காமல் தன் பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

'பெற்றுக்கொண்டேன்' என்ற இடத்தில் அங்குலம் கையெழுத்துப் போட்டார். பிறகு, அறை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, மூன்றாவது வரிசையிடம் கேட்டார்.

"ரொம்ப வருஷத்து வேலைம்மா. பதினஞ்சு நாள் பத்தாது. கொஞ்சம் கூட்டிக் குடுப்பியா?"

"ஒரு நாள்கூட முடியாது," என்றாள் அவள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வேலியைத் தாண்டி வரும் அதே சிரிப்பு, இந்த முறை அவரைப் பார்த்து.