கறுப்பு மருந்து

முள்வேலிக் கதவைத் திறந்துவிட்டபோது கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. காவலுக்கு நின்றவன் காளியம்மாவின் தூக்குச்சட்டியைத் திறந்து மோந்து பார்த்தான். வெறும் தண்ணீர். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று அவசரகாலச் சட்டத்தில் சர்க்கார் உத்தரவு. அதனால் பண்டார் பாரு பக்கத்திலிருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் மரம் சீவுகிறவர்களும் உச்சிப்பொழுதுவரை பட்டினிதான்.

அவளுக்கு அடுத்த மர நிரை இருளப்பனுடையது. இரண்டு முழங்காலும் பனங்காயாய் வீங்கியிருந்தன. குனிந்து உளியை இழுக்கும்போதெல்லாம் பல்லைக் கடிப்பான். "நிக்க முடிஞ்சவன் நோயாளி இல்ல" என்பது தோட்டத்து மேனேஜர் துரையின் சட்டம். லீவு கிடையாது. அதற்குப் பதிலாக, வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் முருகையா, விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஒரு போத்தலை நீட்டுவார். அபின் கலந்த கறுப்பு மருந்து. குடித்தால் வலி தெரியாது. மரம் மட்டும் தெரியும்.

போன புதன்கிழமைதான் அலோர் ஸ்டாரிலிருந்து தாதி சிவபாக்கியம் வந்து, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைக் கொட்டகையில் ஆறு பெண்களுக்குச் சுகாதாரப் பாடம் நடத்தினார்.

"மூட்டு வீங்கினா ஆறவிட வேணும். மரக்கறி, மீன் சாப்பிடுங்கோ. கள்ளைக் குறையுங்கோ. வடிவா நித்திரை கொள்ளுங்கோ."

"கீரை போட்ட கொல்லையெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் போயிருச்சு மிஸி," என்றாள் காளியம்மா. "மீனு பாசார்ல இருக்கு. தூக்கத்த எந்தக் கடையில விக்கிறாங்க?"

ஒருத்தியும் சிரிக்கவில்லை. சிவபாக்கியம் சாக்குக்கட்டியைக் கீழே வைத்தார்.

"எனக்கு வெட்கமாக் கிடக்கு. அந்தக் கறுப்பு மருந்து கூடினா என்ன நடக்கும் எண்டதையாவது சொல்லித் தாறன். கண்மணி ஊசிமுனையாச் சுருங்கும். உதடு நீலம் பாரிக்கும். மூச்சு விட்டு விட்டு வரும். தட்டினாலும் ஆள் எழும்பாது. நித்திரை எண்டு விட்டிட்டுப் போகாதேங்கோ. ஒருக்களிச்சுப் படுக்க வைச்சு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ."

காவலன் தூக்குச்சட்டியை மோந்து பார்த்த அந்த நாளில், ரப்பர் பால் எடுக்கும் நேரத்தில் இருளப்பன் மரத்தடியில் சரிந்து கிடந்தான். காலையில் வலி பொறுக்காமல் மூன்று மூடி மருந்து கேட்டு வாங்கிக் குடித்திருந்தான்.

"அண்ணே! இருளப்பண்ணே!"

அசைவில்லை. காளியம்மா இமையை விலக்கினாள். கண்மணி கடுகைவிடச் சிறுத்திருந்தது. உதடு நாவற்பழம் தின்றதுபோல். ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே அவளால் பத்துவரை எண்ண முடிந்தது.

அவள் போட்ட கூச்சலில் ஆட்கள் ஓடிவந்தார்கள். சாக்கில் ஒருக்களித்துக் கிடத்தி, பால் லாரி நின்ற ஸ்டோருக்குத் தூக்கி வந்தார்கள். துரை வாசலை மறித்து நின்றார்.

"கள்ளு குடிச்சுத் தூங்குறான். லயத்துல போடு. லாரியில பால் ஏறணும்."

"கள்ளு இல்ல துரை. நீங்க குடுத்த மருந்து. கண்ணத் தொறந்து பாருங்க," என்றாள் காளியம்மா.

"நீ டாக்டரா?"

"இல்ல. பாடம் கேட்டவ."

"கூட்டம் கூடினா என்ன சட்டம் தெரியும்ல? போலீசுக்கு ஒரு போன் போதும், எல்லாரும் உள்ள!"

போன மாதம், காளியம்மாவோடு மரம் சீவும் நவமணியின் புருஷனை அப்படித்தான் கொண்டுபோனார்கள். எந்தச் சிறையென்று இன்னும் தெரியாது. அந்த நவமணிதான் முதலில் தன் பால் வாளிகளைத் தரையில் இறக்கினாள்.

"போன் போடுங்க லா. ஆளு போற வரைக்கும் பால் ஏறாது."

ஒவ்வொருவராக வாளிகளை இறக்கினார்கள். வெயில் உறைத்தது. பால் கட்டிதட்டத் தொடங்கியது. துரை வாளிகளைப் பார்த்தார். சாக்கில் கிடந்தவனைப் பார்க்கவேயில்லை. ஆளை ஏற்றச் சொல்லி லாரிக்காரனுக்குக் கையை அசைத்தார்.

இருளப்பன் பிழைத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அவன் திரும்புமுன்பே வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டிவிட்டார்கள். சிவபாக்கியத்தைத் தோட்டத்துக்குள் விடக் கூடாதென்று உத்தரவு வந்தது. மூன்றாம் நாள் பெரட்டில் முருகையா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"காளியம்மா, துரை ஒன்ன ஆபீசுக்கு வரச் சொல்றாரு. வீட்டக் காலி பண்ணணுமாம்."

அவள் தனியாகத்தான் கிளம்பினாள். ஆபீஸ் படியேறித் திரும்பிப் பார்த்தபோது, பெரட்டுக் களமே காலியாகிப் பின்னால் வந்து நின்றது.

"நான் ஒரு ஆளைத்தான் கூப்பிட்டேன்," என்றார் துரை.

நவமணி முன்னே வந்தாள். "ஒரு பேர வெட்டுனா நாப்பது பேரையும் வெட்டணும் துரை. இருளப்பண்ணனுக்கு வேல, நோயாளிக்கு லீவு, இவளுக்கு வீடு. அதுக்குப் பதில் சொல்லுங்க."

துரை போனை எடுத்துச் சுழற்றினார். ஒருவரும் நகரவில்லை. தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டபடி, முருகையாவும் வந்து வரிசையின் கடைசியில் நின்றார். சற்று நேரத்தில் தோட்டச் சாலையில் போலீஸ் ஜீப்பின் புழுதி கிளம்பியது. காளியம்மா படியிலிருந்து இறங்கி அவர்களுக்கு நடுவே போய் நின்றுகொண்டாள்.