சரிபார்க்க வந்த அழைப்பு

“உன் சம்பளம் முப்பத்தஞ்சாயிரம்னு சொல்லிடறேன், அதுல உனக்கு என்ன—”

“வேண்டாம்ணா, நான் ஏற்கெனவே பன்னண்டாயிரம்னு எழுதி—”

“யாரு உன்னை எழுதச் சொன்னா? என் மானத்தை வாங்கறதுக்குன்னே—”

“பேங்க் கணக்கையும் சேர்த்து அனுப்பியாச்சு. இனி நீ ஏத்திச் சொன்னா நான்தான் பொய் சொன்னவளாவேன்.”

அண்ணன் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி நடத்தி வந்தான். கம்பெனி என்றால் இரண்டு அறை, நான்கு மெக்கானிக், ஒரு போன். அந்தப் போனை ஒன்பது வருஷமாக எடுப்பவள் தங்கை. எந்தக் கட்டடத்தில் யார் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டாலும், கதவை நெம்பாதீங்க, ஆள் கிளம்பியாச்சு என்று சொல்லி, மெக்கானிக் போய்ச் சேரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பாள். இப்போது ஒரு பெரிய மருத்துவமனையின் அவசர அழைப்புப் பிரிவில் அவளுக்கு வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. அவர்கள் கேட்டது இரண்டுதான்: இப்போது வாங்கும் சம்பளம், அதை உறுதிசெய்ய முதலாளியின் எண். இன்றைக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அவள் போவதைக்கூட அண்ணன் எப்படியோ விழுங்கிக்கொண்டான். தொண்டையில் நின்றது அந்தத் தொகைதான். சேர்ந்த அன்று வைத்த பன்னிரண்டாயிரம் ஏறவேயில்லை. மெக்கானிக்குகள் கேட்டார்கள், அவர்களுக்கு ஏறியது. வீட்டு ஆள்தானே என்று இவளை மட்டும் விட்டுவிட்டான். அதைப் போய் ஊர் பேர் தெரியாத ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல அவனுக்குக் கூசியது. உன் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டினேனே, அதையும் சேர்த்துச் சொல்லலாமே என்று பார்த்தான். அது மாமன் செய்தது, முதலாளி செய்ததில்லை என்றாள் அவள்.

மூலையில் ஸ்பானர்களைத் துடைத்துக்கொண்டிருந்த மூத்த மெக்கானிக், “எனக்கும் அப்படி ஒரு மாமன் இருந்தா தேவலை,” என்றார். அண்ணன் முறைத்த முறைப்பில் டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்.

போன் அடித்தது. பழக்க தோஷம், அவளே எடுத்துவிட்டாள்.

“லிஃப்ட் சர்வீஸ். பதறாதீங்க, உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?”

மறுமுனையில் ஒரு பெண் சிரித்தாள். யாரும் மாட்டிக்கொள்ளவில்லை, மருத்துவமனையிலிருந்து பேசுகிறேன், உங்கள் ஊழியர் ஒருவரைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று இவள் பெயரையே சொன்னாள். முதலாளியின் எண் என்று இவள் கொடுத்திருந்தது தன் மேசை எண்ணைத்தான். ஆபீசுக்கு வேறு எண் ஏது? நினைத்திருந்தால் தானே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்திருக்கலாம். முதலாளியிடம் கொடுக்கிறேன் என்று ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

சேர்ந்த தேதியை அண்ணன் தயங்காமல் சொன்னான். லீவு பற்றிக் கேட்டதற்கு, ஒன்பது வருஷத்தில் பதினோரு நாள் என்றான். அதை அவன் எண்ணி வைத்திருப்பான் என்று இவள் நினைத்ததில்லை. சம்பளம் என்றதும் மேசையிலிருந்த பேனாவை எடுத்தான், வைத்தான்.

“பன்னண்டாயிரம்.”

சேரும்போதா, இப்போதா என்று கேட்டாள் அந்தப் பெண்.

“ரெண்டும் அதேதாங்க.”

அவள் அதைத் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. எல்லாம் அவர் எழுதியதோடு ஒத்துப்போகிறது, திங்கட்கிழமை வேலையில் சேரச் சொல்லுங்கள் என்றாள். படிவத்தில் இன்னும் ஒரே ஒரு கேள்வி பாக்கி: அவர் திரும்பி வந்தால் மறுபடியும் வேலைக்கு எடுத்துக்கொள்வீர்களா?

“எடுப்பேங்க,” என்றான் அண்ணன். “எப்ப வந்தாலும் எடுப்பேன்.”

போனை வைத்தான். அவள் நாற்காலியை மறுபடி மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“என்ன சம்பளத்துக்குண்ணா?”