யார் கத்துகிறார்கள் பார்ப்போம்

வாலு, வாலு என்று என் தங்கையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவர் அப்பா. அவள் தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து, ஆறு வருடமாக, அவளிடம் பேசுவதில்லை. மாதம் ஒருமுறை அவள் எனக்கு போன் செய்வாள். "அப்பா என்னைப் பத்தி ஏதாவது கேட்டாராண்ணா?" "இல்லம்மா" என்பேன். எனக்குச் சலித்துவிட்டது. அவளுக்குச் சலிக்கவில்லை.

போன வாரம் வீட்டு கம்ப்யூட்டரை நோண்டிக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது வெளியே ஏதோ ஒரு சர்வரைத் தொட்டுவிட்டு வந்தது. முகவரி வெறும் எண்கள். வைரஸ் ஸ்கேன் போட்டேன், ஒன்றும் சிக்கவில்லை. ஆபீஸில் நெட்வொர்க்கைக் காவல் காப்பது என் பிழைப்பு. என் வீட்டிலேயே திருடனா என்று எரிச்சல் வந்தது.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு சோம்பேறி வைத்தியம் உண்டு. ஒரு இணைப்பு எதற்கென்று யாருக்கும் தெரியாவிட்டால் அடைத்துவிடுவோம். வேண்டியவன் கத்திக்கொண்டு வருவான். யாரும் வராவிட்டால் அது வேண்டாதது. அந்த முகவரியை அடைத்தேன்.

யாரும் கத்தவில்லை. கம்ப்யூட்டரில் பேப்பர் படிக்கும் அப்பா மட்டும் அன்று மூன்று முறை அதை அணைத்துப் போட்டார்.

"ஏதாவது வேலை செய்யலையாப்பா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. உன் வேலையைப் பாரு."

பார்த்தேன். மறுநாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துகொண்டார். உப்பு சரியில்லையாம். அன்று சமைத்தது நான் என்பதால் மனைவிக்கு ஏக சந்தோஷம்.

மூன்றாம் நாள் காலை தங்கை கூப்பிட்டாள். "அண்ணா, அப்பா நல்லாத்தான இருக்காரு? மறைக்காம சொல்லு."

"நல்லாத்தான் இருக்காரு. ஏன்?"

அழுதுவிட்டாள். இரண்டு வருடமாக ஒரு செஸ் தளத்தில் வேறு பெயரில் அப்பாவோடு ஆடிக்கொண்டிருக்கிறாளாம். ஒருநாள்கூட அவர் காய் நகர்த்தாமல் இருந்ததில்லையாம். "ரெண்டு நாளா நகர்த்தலண்ணா. இன்னிக்கும் நகர்த்தலன்னா ஆட்டம் போயிடும். எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு. நான்தான்னு அவருக்குத் தெரியாது, தெரிஞ்சா நிறுத்திடுவாரு. சொல்லிடாத."

எதிராளி நகர்த்தியாயிற்றா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்த அப்பாவின் செஸ் செயலிதான் என் திருடன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்பா குளித்துக்கொண்டிருந்தார். அடைப்பை எடுத்தேன். கீபோர்டுக்கு அடியில் ஒரு நோட்டு. ஆடிய ஆட்டங்களையெல்லாம் ஒவ்வொரு நகர்த்தலாக எழுதி வைத்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் மேலே ஒரே தலைப்பு: 'வாலுவோடு'.

நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன். அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார்.

"இன்டர்நெட்ல ஏதோ கோளாறுப்பா. சரி பண்ணிட்டேன்."

"எனக்கென்ன" என்றவர், ஈரத் துண்டோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அறையை விட்டு வெளியே வந்தேன்.

கொஞ்ச நேரத்தில் தங்கையிடமிருந்து மெசேஜ். "குதிரையை நகர்த்திட்டாருண்ணா!" அதன் பின்னாலேயே இன்னொன்று, வழக்கமான கேள்வி. "என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

"தினமும்" என்று பதில் போட்டேன்.